கூண்டும் லஸ்கரும்: கோட்டை மியூசியத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. ஒரு ஆள் உள்ளே முடங்கி உட்காரலாம். நிமிர்ந்து நிற்க முடியாது, காலை நீட்ட முடியாது. வாள்கள், துப்பாக்கிகள், பீரங்கிக் குண்டுகள், பதக்கங்கள், எண்ணெய் வண்ணத்தில் விறைத்து நிற்கும் கவர்னர்கள் என்று வெற்றியின் பொருட்களாகவே நிறைந்திருக்கும் ஓரிடத்தில், தோல்வியை, உடல் பட்ட அவமானத்தைச் சொல்லும் பொருள் அநேகமாக இது ஒன்றுதான். அந்த உடல் வெள்ளை உடல். 1840 செப்டம்பரில் சீனாவின் சூசான் தீவில் பிடிபட்ட மதராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ரூதரை நிங்போ நகரத்துச் சிறையில் அடைத்து வைத்திருந்த கூண்டு இது. 1841 பிப்ரவரியில் அவர் விடுதலையானார். கூண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பிடிபட்ட அன்று ஆன்ஸ்ட்ரூதர் தனியாக இல்லை. தீவை அளந்து வரைபடம் தயாரிக்கும் வேலையாக ஊருக்கு வெளியே போனபோது வயதான லஸ்கர் ஒருவரும் கூடப் போயிருக்கிறார். கூட்டம் வளைத்துக்கொண்டதும் லஸ்கரை அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். கேப்டனைக் கட்டித் தூக்கிப் போனார்கள். கேப்டன் உயிரோடு இருந்ததால் ஒரு கூண்டு தேவைப்பட்டது. கூண்டு இருந்ததால் ஒரு காட்சிப்பொருள் கிடைத்தது. காட்சிப்பொருள் கிடைத்ததால் ஒரு வரலாறு கிடைத்தது. செத்துப்போன லஸ்கர் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. போர் அருங்காட்சியகம் என்கிற நிறுவனத்தின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது. பொருள் உள்ளவனுக்கே அங்கு நினைவு. பொருள் என்பதை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம்.

லஷ்கர் என்றால் பாரசீகத்தில் படை. கும்பினியின் காலத்தில் அது கப்பலில் கூலிக்குப் போன ஆசியர்களுக்கும், பீரங்கி இழுக்கிற, கூடாரம் அடிக்கிற கடைநிலை ஆட்களுக்கும் பெயராயிற்று. படை என்னும் சொல்லே படையின் கடைசி மனிதனுக்குப் பெயராக இறங்கி வந்திருக்கிறது. இன்றும் நம் ஊர்களில் வாய்க்கால் காவல் பார்த்து மதகைத் திறந்து மூடுகிற ஊழியருக்கு லஸ்கர் என்றே பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் 'லஸ்கர் வந்தாத்தான் ஷட்டரத் தூக்குவாங்க' என்று சொல்லக் கேட்கலாம். பீரங்கி போய்விட்டது, கும்பினி போய்விட்டது, சொல் மட்டும் மதகடியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

மியூசியம் இருக்கும் கட்டடத்தையும் ஒரு பிரதியாக வாசித்தாக வேண்டும். 1795-ல் முடிக்கப்பட்ட இது அப்போது வணிகர்கள் கூடிச் சரக்குக்கு விலை பேசும் எக்ஸ்சேஞ்சாக இருந்தது. பின்னர் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸாகியது. 1948-ல், சுதந்திரம் கிடைத்த சில மாதங்களில், அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. விலை பேசிய கூடம், சண்டைக்குப் போனவர்கள் சாப்பிட்ட கூடம், இரண்டையும் நினைவுகூர்கிற கூடம். யாரும் திட்டமிட்டு அமைக்காத இந்த வரிசையே கும்பினி ஆட்சி பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் போதும். வெளியே கோட்டை வாசலில் போலீஸ் சோதனை நடக்கிறது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அதே மதிலுக்குள். முடிந்துபோன அதிகாரத்தைப் பார்க்க நடப்பு அதிகாரத்தின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

படிக்கட்டருகில் 14 அடிக்கும் மேல் உயரமான கார்ன்வாலிஸ் சிலை. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி லண்டனில் செதுக்கி 1800 வாக்கில் கப்பலேற்றி வந்தது. அண்ணாந்து கார்ன்வாலிஸைப் பார்க்கிறவர்கள் பீடத்தைப் பார்ப்பதில்லை. அதில் 1792-ல் திப்பு சுல்தான் தன் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. பத்து வயதை ஒட்டிய இரண்டு பையன்கள். ஒரு பேரரசின் வெற்றிச் சின்னத்துக்கு ஆதாரமாக, அதாவது அடியில் தாங்கி நிற்பதாக, குழந்தைகளைப் பிடித்து வைத்த காரியம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதை வெட்கமாக அல்ல, கருணையாகவே அன்றைய ஆங்கிலச் சொல்லாடல் பார்த்தது. தகப்பனைப் போல் அணைத்துக்கொண்டாராம். ஓவியமாகவும் அச்சுப்படமாகவும் இந்தக் காட்சி அன்றைய இங்கிலாந்தில் நிறைய விற்றது.

நான் போயிருந்த அன்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கூண்டின் முன்னால் கூட்டம் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குக் கூண்டு பிடிக்கும், வாளைவிடப் பிடிக்கும்.

'இது சைனாக்காரன் வெள்ளக்காரனப் புடிச்சு அடைச்ச கூண்டு. பாத்தாச்சா, நகரு' என்றார் டீச்சர்.

'அப்ப நம்ம ஆளுங்க எங்க மிஸ் இருந்தாங்க?'

'நம்ம ஆளுங்களுக்கு அங்க என்னடா வேல? வரிசையில போ.'

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகளை மதிய வெயிலுக்குள் திரும்ப வேனில் ஏற்ற வேண்டும். தவிரவும், அவர் சொன்னது அவருடைய பதில் அல்ல. அந்தக் கூடம் சொல்லிக்கொடுக்கிற பதில். நம்ம ஆளுங்களுக்குச் சீனாவில் என்ன வேலை என்ற கேள்வியை மியூசியம் கேட்க விடாது. பாட்னாவிலும் மால்வாவிலும் விளைந்த அபினைச் சீனாவில் விற்கும் உரிமைக்காக நடந்த சண்டைக்குச் சென்னையிலிருந்து ஏன் ஆள் போனது? அதற்குப் பதில் தேடினால் கோட்டையை விட்டு வெளியே வந்து தெற்கே போக வேண்டியிருக்கிறது, நான் குடியிருக்கும் மந்தைவெளிப் பக்கமாகவே.

திரு.வி.க. பாலத்தின் மேல் நின்று கடல் பக்கம் பார்த்தால் இடது கையில் அடையாற்றின் வடகரை தெரியும். பட்டினப்பாக்கம், குயிபிள் தீவு, அதற்கப்பால் சாந்தோம். குயிபிள் தீவு என்றால் இன்றைக்குக் கல்லறைதான் நினைவுக்கு வரும். 1746-ல் இந்தக் கரையில் ஒரு சண்டை நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்திருந்தார்கள். பட்டணத்தைத் தன்னிடம் ஒப்படைப்பார்கள் என்று எதிர்பார்த்து ஏமாந்த ஆற்காடு நவாப் அன்வருத்தீன், மகன் மாபூஸ்கானைப் பெரும் படையோடு அனுப்பினார். 10,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. புதுச்சேரியிலிருந்து வந்த பராதி என்ற சுவிட்சர்லாந்துக்காரரிடம் இருந்தவர்கள் சில நூறு ஐரோப்பியரும் சுமார் 700 சிப்பாய்களும். ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாக நின்று சுட்டு, துப்பாக்கி முனை ஈட்டியோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சாந்தோமுக்குள் ஓடியது. தெருக்களிலும் சண்டை நடந்தது. நாளைக்கூட ஒன்றாகச் சொல்ல முடியாது: ஆங்கிலேயர் காலண்டரில் அக்டோபர் 24, பிரெஞ்சுக்காரர் காலண்டரில் நவம்பர் 4. இரண்டு காலண்டருக்கும் அப்போது 11 நாள் வித்தியாசம். புதுச்சேரியில் உட்கார்ந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை போன்ற ஒரு வணிகரின் தயவில்தான் அந்தப் போர்களைத் தமிழில் கேட்கும் வாய்ப்பே நமக்குக் கிடைத்திருக்கிறது.

ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சண்டையைப் பெரிய திருப்பமாகச் சொல்வார்கள்: ஐரோப்பிய ஒழுங்கு இந்தியக் கூட்டத்தை வென்ற முதல் தருணம் என்று. இந்த வாசிப்பில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஆற்றைக் கடந்தவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பியர் அல்லர். வென்றது ஐரோப்பா அல்ல. ஐரோப்பிய டிரில் பழக்கப்பட்ட இந்த மண்ணின் உடல். எப்போது துப்பாக்கியைத் தூக்குவது, எப்போது மருந்து இடிப்பது, எந்தக் காலை முதலில் வைப்பது என்று உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பழக்குவதை நவீன அதிகாரத்தின் தொழில்நுட்பமாக ஃபூக்கோ விவரித்தார். அவர் காட்டும் உதாரணங்கள் பெரும்பாலும் பிரான்சினுடையவை. அதே தொழில்நுட்பம் நம் உடல் மேல் ஏறி என்ன சாதிக்கும் என்பது அடையாற்று மணலில் காட்டப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 1748-ல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து சேர்ந்தார்; பத்தாண்டுகளில் கும்பினிக்குச் சிப்பாய்ப் பட்டாளங்கள் முறையாக அமைந்துவிட்டன. மதராஸ் ராணுவம் என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். மைசூர், இலங்கை, ஜாவா, பர்மா, சீனா என்று அது போகாத இடமில்லை. கடாரம் கொண்ட சோழனைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறோம். இந்த மண்ணிலிருந்து அதைவிட அதிக முறை கடல் கடந்த படை கும்பினியின் சம்பளப் பட்டாளம் என்பதைப் பேசுவதில்லை. பேசினால் மேடை கொஞ்சம் ஆடும்.

அடையாற்றின் கரையில் இதற்கு நினைவுச்சின்னம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இருக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. யார் பெயரில் வைப்பது? நவாப், டூப்ளே, பராதி மூவரில் யாரையும் நாம் நம்முடையவராக நினைத்ததில்லை. ஆற்றைக் கடந்த 700 பேரையும் நினைத்ததில்லை.

95 ஆண்டுகள் கழித்து நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1841 மே மாதம் ஆங்கிலேயப் படை கான்டனை வளைத்து நின்றது. ஊருக்கு வெளியே சான்யுவான்லி என்ற கிராமம். சிப்பாய்களும் சோல்ஜர்களும் வீடுகளில் புகுந்து கொள்ளையடித்தார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள் என்று கிராமத்தார் கொதித்து ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மே 30-ஆம் தேதி இடியும் மழையுமாக இருந்தது. மதராஸ் 37-ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி, சுமார் 60 பேர், மழையில் வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்டது. அவர்களிடம் இருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. மருந்து நனைந்துவிட்டது. ஒன்றும் வெடிக்கவில்லை. நீண்ட மூங்கில் ஈட்டிகளோடு சுற்றி வளைத்த விவசாயிகள் நடுவே சதுரமாக நின்று, துப்பாக்கி முனை ஈட்டியால் மட்டும் தடுத்துக்கொண்டிருந்தார்கள். மழையிலும் வெடிக்கும் தொப்பிமருந்துத் துப்பாக்கி வைத்திருந்த வெள்ளை மெரீன்கள் தேடி வந்து மீட்கும் வரை அதே நிலைதான்.

1746-ல் எந்தத் துப்பாக்கி ஒரு சம்பளச் சிப்பாயை உருவாக்கியதோ அதே வகைத் துப்பாக்கி 1841-ல் அவன் கையில் வெறும் கட்டையாகிப் போனது. புதுத் துப்பாக்கி முதலில் வெள்ளைக்காரன் கைக்குப் போனது, பழசு மதராஸ்காரனுக்கு. மழைதான் இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தது. கோட்டை மியூசியத்தின் ஆயுத வரிசையில் பழைய துப்பாக்கிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறபோது இது எதுவும் தெரியாது. எண்ணெய் போட்டுத் துடைத்து, ஈரம் படாமல், சுத்தமாக இருக்கின்றன.

சீனர்கள் சான்யுவான்லியை மறக்கவில்லை. ஏகாதிபத்தியத்துக்கு எதிராக மக்கள் தாமாக எழுந்த முதல் போராட்டம் என்று அவர்களுடைய பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கிராமத்தார் கூடிச் சபதம் எடுத்த கோயிலை 1950களில் நினைவு அருங்காட்சியகமாக்கினார்கள். இன்றைக்குக் குவாங்சோ மாநகரத்துக்குள் மெட்ரோ நிலையம் உள்ள பகுதி அது. ஆக, ஒரே போருக்கு இரண்டு மியூசியம். அங்கே உள்ளதில் மதராஸ் சிப்பாய் எதிரி. ஆங்கிலப் படை என்ற சொல்லுக்குள் கரைந்துபோன, முகமில்லாத எதிரி. இங்கே உள்ளதில் அவன் எதிரியாகக்கூட இல்லை.

பெனடிக்ட் ஆண்டர்சன் தேசம் பற்றிய தன் நூலின் ஓர் இயலைப் பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையிலிருந்து தொடங்குவார். பின்னர் வந்த பதிப்பில் மியூசியம் பற்றி ஓர் இயலையும் சேர்த்தார். அவர் சொல்லும் அந்த வீரனுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேசம் இருக்கிறது. பெயரின்மையே அவனைத் தேசம் முழுவதற்கும் பொதுவாக்குகிறது. நம் லஸ்கரின் பெயரின்மை இந்த வகை அல்ல. அவனுக்கு 1840-ல் தேசம் இல்லை, பிற்காலத்தில் வந்த தேசத்துக்கு அவன் வேண்டியதும் இல்லை. தில்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகம் சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களின் பெயர்களையே தாங்குகிறது. கோட்டைக்குத் தெற்கே கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கும் போர் நினைவுச்சின்னம் முதல் உலகப் போரின் வெற்றிக்காக எழுப்பியது. 1962 சீனப் போரில் இறந்தவர்களுக்கும் அங்கு இடம் கிடைத்தது. சீனாவில் சாவதென்றால் சரியான ஆண்டு பார்த்துச் சாக வேண்டும் போலிருக்கிறது.

தேசியக் கதையாடலுக்குள் சிப்பாய் நுழைய ஒரே ஒரு வாசல்தான் உண்டு: கலகம். 1806 ஜூலை 10-ல் வேலூரில் எழுந்தவர்கள் இதே மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள். அவர்களுக்கு நினைவுத் தூண் உண்டு, 2006-ல் தபால்தலை வந்தது. நல்லதுதான். ஆனால் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்த அந்த ஒரு ராத்திரியைத் தவிர்த்து, அதற்கு முன்னும் பின்னும் நூறு வருஷம் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை என்ன செய்வது? நாம் போர் நினைவோடு நேரடியாக மோதிய சந்தர்ப்பங்களும் சொற்பம். 1857-ல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரம் செய்த நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927-ல் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறை போனார்கள். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்துதான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. அங்கே மியூசியம் ஒருவித ஜெயிலாக வேலை செய்தது. ஆன்ஸ்ட்ரூதரின் கூண்டு கோட்டையில், நீலின் கூண்டு எழும்பூரில். இந்தப் பேச்சிலும் நீல் இருக்கிறான். அவனுடைய மதராஸ் படைக்குச் சோறு பொங்கி, மூட்டை தூக்கிக் கூட நடந்தவர்கள் இல்லை.

நம்மிடம் வேறு மரபு இருந்தது என்பதுதான் உறுத்துகிறது. நடுகல். அரசனின் ஆட்சி ஆண்டு, ஊர், எதற்காக நடந்த சண்டை, செத்தவன் யார் என்று நாலைந்து வரியில் சொல்லிவிடும். பெரும்பாலும் மாடு பிடித்த, மாடு மீட்ட சில்லறைச் சண்டைகள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்த கள்ளரைக் கடித்து நின்ற நாயையும் அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். 1,400 வருஷத்துக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர்க்காரர்களுக்கும், கடல் கடந்து போய்ச் செத்த மனிதனைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வரியில்கூட எழுதாத நமக்கும் நடுவில் என்ன நடந்தது? நடுகல் ஊர் வைப்பது. மியூசியம் அரசு வைப்பது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. நடுகல்லில் செத்தவன் ஊருக்காகச் செத்தான். லஸ்கர் செத்தது கும்பினியின் அபினுக்காக. அவனுக்குக் கல் நட எந்த ஊருக்கும் முகாந்திரம் இல்லை.

இங்கேதான் நம்முடைய விளிம்புநிலைப் பேச்சுகளும் திணறுகின்றன. லஸ்கரை மீட்டெடுத்து நாயகனாக்கிவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சான்யுவான்லி வீடுகளில் புகுந்தவர்களில் நம்முடைய ஆட்களும் இருந்திருப்பார்கள். அந்தக் கிராமத்துப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் 37-ஆம் படைக்காரனின் வறுமையும் சாதியும் அவளுக்கு என்ன ஆறுதல்? அதே சமயம், கும்பினிப் பட்டாளம் ஊரில் கிடைக்காத சிலவற்றைக் கொடுத்தது என்பதும் பொய்யல்ல: மாதச் சம்பளம், பென்ஷன், காலில் பூட்ஸ். பறையர்கள் கணிசமாகச் சேர்ந்த ராணுவம் அது. ஊர்த் தெருவில் செருப்பணிய முடியாதவன் பரேடில் பூட்ஸ் அணிந்து நடந்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்க்குணம் உள்ள இனங்கள் என்றொரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு, 1881 முதல் 1885 வரை சென்னையில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள், மதராஸிகள் சண்டைக்கு லாயக்கில்லை என்று பட்டாளங்களைக் குறைக்க வழிசெய்தார்கள். அப்போது அந்தக் கதவும் அடைபடத் தொடங்கியது. கருவியாகவும் பலியாகவும் ஒரே உடல் இருக்கிறபோது அதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று நம்முடைய கோட்பாடுகளும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மியூசியம் வைக்காததைப் பேச்சுமொழி கொஞ்சம் வைத்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தின் மேல் குண்டு போட்டுப் போன ஜெர்மன் கப்பலுக்கு ஹைகோர்ட் மதிலில் ஒரு கல் உண்டு. அதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் 'அவன் பெரிய எம்டன்டா' என்று சொல்லாத ஆள் சென்னையில் குறைவு. பட்டாளத்தார் வீடு, சிப்பாய்த் தெரு, பறங்கிமலை, சோல்ஜர் என்று சண்டைகள் நம் வாயில் பெயர்களாகப் படிந்து கிடக்கின்றன. இவற்றில் வெற்றியும் இல்லை, தியாகமும் இல்லை. இன்னார் இங்கே இருந்தார் என்பது மட்டும் இருக்கிறது.

கூண்டின் பக்கத்தில் இன்னொரு பலகை வைப்பதாக இருந்தால் என்ன எழுதலாம் என்று திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். நடுகல் வாய்பாட்டிலேயே எழுதலாம். ஆண்டு: 1840. இடம்: சூசான் தீவு. சண்டை: அபின் விற்பதற்காக. செத்தவர்: மதராஸ் பீரங்கிப் படையில் வேலை பார்த்த வயதான லஸ்கர், கேப்டனுக்குத் துணையாக நில அளவைக்குப் போனவர். எப்படி: ஊர்க்காரர்கள் அடித்து. அவர்கள் தரப்பு நியாயத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.